ரெப்பின் ஓவியங்களை நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

நானே தொடங்குகிறேன். ரஷ்ய ஓவியர் இல்யா ரெப்பினின் 'வோல்காவில் படகு இழுப்போர்' செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம். மார்பில் வார் மாட்டிய 11 பேர் மணலில் முன்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். அச்சுப் படத்தில் எனக்கு அது ஒரு கூட்டம், அவ்வளவுதான். நேரில் பார்த்தால் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். முன்வரிசையில் தலையில் துணி கட்டியிருப்பவர் கானின், ஒரு காலத்தில் பாதிரியாராக இருந்தவர். 1870 கோடையில் ரெப்பின் வோல்காக் கரையில் தங்கி, இவர்களோடு பழகி வரைந்தார். 1873இல்தான் படத்தை முடித்தார். பரிதாபத்தைத் தூண்டும் படம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கானின் முகத்தில் தெரிவது யோசனை. நடுவில் இருக்கும் இளைஞனோ நிமிர்ந்து, வாரைத் தளர்த்தப் பார்க்கிறான். அப்புறம், வலப்பக்கம் தூரத்தில் ஒரு நீராவிக் கப்பலின் புகை தெரியும், அதைத் தவறவிடாதீர்கள். நீராவி வந்த பிறகும் மனிதர்களைக் கட்டி இழுக்க வைத்தார்கள் என்பதை அந்தச் சின்னப் புகையிலேயே சொல்லிவிட்டார்.

*

நான் மாஸ்கோ ட்ரெத்யகோவ் காலரிக்குப் போனது, மகனைக் கொன்ற ரஷ்ய மன்னர் ஜார் இவானை ரெப்பின் வரைந்த படத்துக்காக. 1913இல் ஒருவர் கத்தியால் கிழித்த படம் அது. 2018இல் இன்னொருவர் உலோகக் கம்பத்தால் தாக்கினார். நான் போனபோது சீரமைப்பில் இருந்தது. ஆனால் இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் உருவப்படம் என்னை நகர விடவில்லை. 1881 மார்ச்சில், ராணுவ மருத்துவமனையில், நான்கே நாள் அமர்வில் வரைந்தது. கலைந்த தலை, சிவந்த மூக்கு, நோயாளி அங்கி. எதையும் மறைக்கவில்லை, ஆனாலும் அந்தக் கண்களில் ஒரு பெரிய இசைஞர் இருக்கிறார். சில நாளில் அவர் இறந்துவிட்டார், வயது 42. படத்துக்குக் கிடைத்த பணத்தை அவருடைய நினைவுச் சின்னத்துக்கே ரெப்பின் கொடுத்துவிட்டார். எனக்கு அவருடைய எல்லாப் படங்களையும்விட இதுதான் மேல்.

*

பீட்டர்ஸ்பர்க் போகிறவர்கள் அங்குள்ள ஃபின்லாந்து ஸ்டேஷனில் ரயில் ஏறி ரெப்பினோ என்ற ஊருக்கும் போய் வாருங்கள். ரெப்பின் வாழ்ந்த 'பெனாட்டி' வீடு அங்கேதான். 1944இல் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டு, 1962இல் அருங்காட்சியகமானது. வலது கை முடங்கியதும் இடது கையால் வரையப் பழகி, வண்ணத் தட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்தவர் அவர். 1930இல் இறந்தார், கல்லறையும் அந்தத் தோட்டத்திலேயே. சுழலும் வட்டச் சாப்பாட்டு மேசையையும் பாருங்கள். அவர் காலத்தில் யாரும் பரிமாற மாட்டார்கள், விருந்தினர் தானே எடுத்துச் சாப்பிட வேண்டும். விதி மீறினால் மேடையேறிப் பேச வேண்டியிருந்தது.