ஹார்ட்ஸ்டாப்பர்: ‘ஒண்ணுமே நடக்கல’ என்பவர்களும் கண் கலங்கியவர்களும். இதை எப்படிப் படிக்க வைப்பது?

தாழ்வாரம்:
ஆலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ கிராஃபிக் நாவலை ஒரு வாசிப்புக் குழுவில் பேச எடுக்க வேண்டும். இங்கிலாந்துப் பள்ளியில் படிக்கும் சார்லி, நிக் என்ற இரண்டு பையன்களின் காதல் கதை. பன்னிரண்டு பேர், 14 வயதிலிருந்து 45 வரை. இந்தப் புத்தகத்துக்கு எங்கே பார்த்தாலும் இரண்டே விதமான எதிர்வினைதான். ஒரு கட்சி “ரெண்டு பசங்க ஹாய் ஹாய்னு சொல்லிக்கிறாங்க, கதை எங்கே?” என்கிறது. இன்னொரு கட்சி அழுதுவிட்டு, ஏன் அழுதோம் என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் எப்படி உட்கார வைப்பது? எந்தப் பாகத்தில் என்ன இருக்கிறது, 14 வயதுக்காரருக்கு எதைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும்? தமிழில் பேசும்போது எந்தச் சொற்கள்? நெட்ஃப்ளிக்ஸ் தொடரை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களும் இருப்பார்கள்.

நடுப்பக்கம்:
‘ஒண்ணுமே நடக்கல’ புகாரில் பாதி, வாசித்த வேகத்தின் கோளாறு. இது முதலில் புத்தகமாக வந்ததே இல்லை. 2016 செப்டம்பரில் டம்ப்ளர், தாப்பஸ் தளங்களில் வெப்காமிக்காக, அதாவது இணையப் படக்கதையாகத் தொடங்கியது. மாதம் மூன்று முறை, 1, 11, 21 தேதிகளில் சில பக்கங்கள் வரும். பத்து நாள் காத்திருந்தவருக்கு, ஒரு கை இன்னொரு கைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நிற்பதே அந்தத் தவணையின் சம்பவம். 2018-ல் கிக்ஸ்டார்ட்டரில் வாசகர்களிடமே பணம் திரட்டி முதல் பாகத்தை அச்சிட்டார். 2019-ல் ஹாஷெட் பதிப்பாகக் கடைக்கு வந்தது. முந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு, வசனமோ குறைச்சல். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம், அதுதான் வில்லங்கம். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி ஒரே மூச்சில் படித்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு ‘தொடரும்’ போட்ட இடமும் தட்டையாகிவிடும். இங்கேயும் அதேதான், இனிப்பு மட்டும் நாக்கில் தங்கும்.

ஆகவே ஒரு உட்காரலுக்கு 40, 50 பக்கத்துக்கு மேல் வேண்டாம். கூடிப் பேசும்போது ஒரு பயிற்சி செய்யுங்கள்: வசனமே இல்லாத இரண்டு பக்கங்களை எடுத்து, “இந்தக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கும்?” என்று கேளுங்கள். ஒருவர் அரை நொடி என்பார், இன்னொருவர் ஒரு நிமிடம் என்பார். அந்த வித்தியாசம்தான் குழு இரண்டாகப் பிரிந்ததற்கே காரணம். ஓஸ்மன் கட்டங்களுக்கு நேர்க்கோட்டு வேலி போட்டு அடைப்பவர் இல்லை. இலைகள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு மிதந்து போகும். அந்த இலை வருகிற இடங்களில் சம்பவம் வெளியே நடப்பதில்லை, பையன் மனசுக்குள் நடக்கிறது. தட்டிக்கொண்டே போகிறவர் கண்ணில் அது அலங்காரமாகத்தான் படும்.

கைப்பேசிச் செய்தி வரும் கட்டங்களையும் அப்படியே. அனுப்பிய செய்தியை மட்டும் படித்தால் போதாது. அதற்கு முந்தைய கட்டத்தில் முகம் என்ன சொல்கிறது, பதிலுக்கு எத்தனை கட்டம் காக்க வைக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. முதல் பாகத்தின் கடைசிப் பகுதியில், நிக்கின் பள்ளித் தோழன் ஹாரியின் பிறந்தநாள் விருந்தில் நிக்கும் சார்லியும் முத்தமிடுவது வரும். வந்த கையோடு நிக் ஓடிவிடுவான். முதல் கூட்டத்தை அங்கே நிறுத்துவதாக இருந்தால் இரண்டாம் பாகம் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் நிக்கை வில்லனாக முடிவுகட்டிவிட்டுத்தான் அடுத்த கூட்டத்துக்கு வருவார்கள்.

ஒற்றைவரி:
வயசு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுங்கள், நம் வாசகர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. சார்லி ‘பத்தாம் ஆண்டு’, நிக் ‘பதினொன்றாம் ஆண்டு’. பதினொன்று என்றதும் பிளஸ் ஒன் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்துப் பதினொன்றாம் ஆண்டு நம்ம பத்தாம் வகுப்பு. ஜிசிஎஸ்இ என்பது அந்த ஊர்ப் பொதுத்தேர்வு. கதை தொடங்கும்போது சார்லிக்கு 14, நிக்குக்கு 16. வெவ்வேறு வகுப்புப் பையன்கள் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்றால், அந்தப் பள்ளியில் காலை வருகைப்பதிவுக்குப் பல வகுப்பு மாணவர்களைக் கலந்து ஒரு அறையில் உட்கார வைப்பார்கள்.

இனி பாகம் பாகமாக.

முதல் பாகம்: சார்லி தன்பாலீர்ப்பாளர் என்பது கதைக்கு முந்தைய ஆண்டே பள்ளி முழுக்கத் தெரிந்து, அதனால் கேலியும் துன்புறுத்தலும் நடந்துமுடிந்திருக்கிறது. பென் என்ற பையன் அவனை ரகசியமாக மட்டும் சந்திக்கிறான், வெளியில் ஒரு பெண்ணோடு சுற்றுகிறான். சார்லி விலகியதும் பென் வலுக்கட்டாயமாக முத்தமிடும் காட்சி வருகிறது. ‘இனிப்பான கதை’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் இந்த இடத்தில் ஒரு 14 வயதுக்காரர் திடுக்கிடுவார். முன்கூட்டிச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாகம் லேசானது. நிக் தன்னை இருபாலீர்ப்பாளராக அடையாளம் காண்பதும், கடைசியில் அம்மாவிடம் சொல்வதும். ஹாரி வகையறாவின் வசவுகள் உண்டு.

மூன்றாம் பாகம், பாரிஸ் பள்ளிச் சுற்றுலா. பலர் இதைத்தான் ‘ஜாலியான பாகம்’ என்பார்கள், ஆனால் சார்லி சரியாகச் சாப்பிடாதது இங்கேதான் கண்ணில் படத் தொடங்குகிறது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட பேச்சும் இங்கேயே வந்துவிடுகிறது.

நான்காம் பாகம்தான் கனமானது. உணவுக் கோளாறு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை. இதற்குத் தனிக் கூட்டம் வையுங்கள். ஐந்தாம் பாகத்தில் பாலுறவு பற்றிய பேச்சும், நிக் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்பதும். காட்சியாக எதையும் அப்பட்டமாகக் காட்டுவதில்லை, ஆனால் பேச்சு வெளிப்படை. 14 வயதுக்காரர்களோடு முதல் மூன்றோடு நிறுத்துவது ஒரு வழி. நான்கைக் கொடுப்பதானால், படித்தபின் பேச ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். எந்தப் பாகத்தில் என்னென்ன கடுமையான விஷயங்கள் வருகின்றன என்று ஓஸ்மனே தன் வலைத்தளத்தில் பட்டியல் போட்டிருக்கிறார், அதை மொழிபெயர்த்து முதல் நாளே சுற்றுக்கு விட்டுவிடலாம்.

நான்காம் பாகக் கூட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு வாய் ஊட்டிவிட்டால் தீராதா?” வந்தவரை வற்புறுத்திச் சாப்பிட வைப்பதையே பாசம் என்று பழகிய ஊர். சார்லிக்குப் பிரச்சினை சாப்பாடோ உடல் எடையோ அல்ல. வாழ்க்கையில் எதுவும் தன் கையில் இல்லை என்றானபோது, சாப்பிடாமல் இருப்பது மட்டும் கையில் இருக்கிறது. வற்புறுத்தினால் அதுவும் கைவிட்டுப் போகிறது, பிடி இன்னும் இறுகும். நடத்துபவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எடைக்கணக்கு, என்ன சாப்பிட்டான் எவ்வளவு சாப்பிட்டான் என்ற விவரமெல்லாம் பேச்சில் வேண்டாம். அதே சிக்கல் உள்ள ஒருவர் வட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அது அளவுகோலாகிவிடும். யாராவது கலங்கிப் போனால் கொடுக்க 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

கரிக்கோடு:
மேலே இரண்டு பேரும் புத்தகத்துக்கு வக்காலத்து வாங்கிவிட்டார்கள். எதிர்க்கட்சிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

நியாயமான குறை என்றால், நிக். ரக்பி ஆடுகிறவன், அழகன், பொறுமைசாலி, தப்பு செய்தால் மறுநாளே வந்து மன்னிப்புக் கேட்கிறவன். சார்லிக்கு இருக்கும் முள் இவனுக்கு இல்லை. முதல் மூன்று பாகத்தில் அவன் குழம்புகிறானே ஒழிய யாரையும் பெரிதாகக் காயப்படுத்துவதில்லை. இதைச் சொல்கிற வாசகரை ‘உனக்கு ரசனை இல்லை’ என்று அடக்கக் கூடாது. நியாயமில்லாத குறை, ‘காதல் வந்ததும் மனநோய் சரியாகிவிட்டது என்று காட்டுகிறார்கள்’ என்பது. நான்காம் பாகமே அதற்கு மறுப்பு. காதலித்தால் மட்டும் ஒருவரைக் குணப்படுத்திவிட முடியாது என்று நிக்கிடம் பெரியவர் ஒருவர் உட்கார வைத்துச் சொல்கிறார். புத்தகத்தில் அது அவன் அம்மா. தொடரின் மூன்றாம் பருவத்தில் அதே வேலையை மனநல மருத்துவரான சித்தி கதாபாத்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். தொடர் பார்த்தவர்களும் புத்தகம் படித்தவர்களும் இங்கே மோதிக்கொள்வார்கள். நண்பர் கூட்டத்தில் ஐசக், இமோஜன் இருவரும் தொடருக்காக உருவானவர்கள், புத்தகத்தில் வரும் நண்பன் ஆலெட் தொடரில் இல்லை. இந்த மூன்று பெயரையும் பலகையில் எழுதிப் போட்டால் கால்மணி நேரச் சண்டை மிச்சம்.

அழுதவர்கள் கணக்கு வேறு. இவர்களில் பலர் நாற்பதை ஒட்டியவர்கள், புத்தகம் அவர்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. பிரிட்டனில் 1988-ல் வந்த ‘பிரிவு 28’ உள்ளாட்சிகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்றது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வாயே திறக்கப் பயந்தார்கள். ஸ்காட்லாந்தில் 2000, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரை அந்தச் சட்டம் இருந்தது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு, ஓவிய ஆசிரியர் அஜாயி தன் வகுப்பறையில் சார்லியை மதியம் உட்கார விடுகிறாரே, அந்தச் சின்ன இடம்தான் அடிக்கிறது. சந்தோஷத்துக்கு அழுவதில்லை. தங்களுக்குக் கிடைக்காத பதினைந்து வயதுக்கு அழுகிறார்கள். குழுவில் 45 வயதுக்காரர் ஒருவர் பேசாமல் இருந்தால் கிண்டிக் கிளறாதீர்கள்.

‘இதில் என்ன சர்ச்சை இருக்கு, பச்சைக் குழந்தைக் கதை’ என்பவருக்கு ஹங்கேரியைச் சொல்லுங்கள். சிறாருக்குத் தன்பாலீர்ப்பைக் காட்டக் கூடாது என்று அங்கே 2021-ல் வந்த சட்டத்தைக் காட்டி, 2023 ஜூலையில் லீரா என்ற புத்தகக் கடை நிறுவனத்துக்கு 1.2 கோடி ஃபோரின்ட் (அந்த நாட்டுப் பணம்) அபராதம் விதித்தார்கள். குற்றம்: இந்தப் புத்தகத்தை உறையிட்டு மூடாமல் இளையோர் அலமாரியில் வைத்தது.

தாழ்வாரம்:
நன்றி. ஆலெட், ஐசக் விஷயம் தெரிந்திருந்தால் பல வாக்குவாதம் புரிந்திருக்கும். சொற்கள்? ‘ஹோமோ’ என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு கெட்டுவிடுகிறது. ஓஸ்மனின் இன்னொரு நாவலான ‘சாலிடேர்’, அதை எங்கே வைப்பது?

அடிக்குறிப்பு:
சொல்லுக்கு வருகிறேன். ‘ஓரினச்சேர்க்கை’ வேண்டாம். அந்தச் சொல்லில் ‘சேர்க்கை’தான் முன்னால் நிற்கிறது, கை பிடிக்கலாமா என்று மூன்று பக்கம் யோசிக்கிற கதைக்கு அது பொருந்தவே பொருந்தாது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இரண்டும் ‘ஈர்ப்பு’ என்று நிற்பதால் சரியாக உட்காரும். இவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் பொதுச் சொல் பால்புதுமையர். சார்லியின் தோழி எல் திருநங்கை, அவளைப் பற்றிப் பேசும்போது பழைய பள்ளிக் காலத்தைச் சொன்னாலும் ‘அவள்’தான்.

தன் ஈர்ப்பைத் தானே மற்றவரிடம் சொல்லும் ‘கமிங் அவுட்’டுக்கு ஒரே சொல் தேடி மண்டையை உடைக்க வேண்டாம், வினையாகச் சொல்லுங்கள்: “அம்மாகிட்ட சொல்லிட்டான்.” நம் பேச்சில் ‘சொல்லிட்டான்’ என்றாலே போதும். முக்கியமானது அதன் எதிர்ப்பதம். மற்றவர் போய்ச் சொல்லிவிடுவதை ‘போட்டுக்கொடுத்தல்’ என்றால் எந்த 14 வயதுக்காரருக்கும் உடனே புரியும். சார்லிக்கு நடந்தது சொல்லுதல் இல்லை, விஷயம் அவன் கையை மீறிப் பரவியது. அதனால்தான் நிக் விஷயத்தில் அவன் அவ்வளவு பொறுமையாக இருக்கிறான், ‘எப்போ சொல்லப் போறே’ என்று நெருக்குவதே இல்லை.

நிக்கை ‘கே’ என்று சுருக்கிப் பேசுகிறவர்களைத் திருத்துங்கள், அது சும்மா இலக்கணத் திருத்தம் இல்லை. தொடரில் நிக்காக நடித்த கிட் கானருக்கு 2022-ல் நடந்தது ஊரறிந்தது: 18 வயதில், ‘நீ உண்மையில் யார்’ என்று இணையத்தில் துளைத்தெடுத்து, அந்த அக்டோபர் கடைசியில் தான் இருபாலீர்ப்பாளர் என்று ட்விட்டரில் எழுத வைத்துவிட்டார்கள். எழுதும்போதே, கதையின் அர்த்தம் சிலருக்குப் பிடிபடவே இல்லை என்று சாடினார். எதிர்வினைகளைப் பற்றிய கூட்டத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கதையை உருகி ரசித்தவர்களில் சிலரே அந்தக் காரியத்தைச் செய்தார்கள்.

‘சாலிடேர்’ 2014-ல் வந்தது, காமிக்குக்கு முந்தியது. சார்லியின் அக்கா டோரி சொல்லும் உரைநடை நாவல். நிக்கும் சார்லியும் அதில் ஓரமாக வருகிறார்கள், ஏற்கெனவே ஜோடி. வெளியான வரிசைப்படி இதிலிருந்து தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். டோரி உலகத்தையே வெறுத்துப் பேசுகிற பெண், காமிக்கின் இதம் அதில் துளியும் கிடையாது. கதைக்காலப்படி காமிக் 1 முதல் 4, பிறகு ‘திஸ் விண்டர்’ (ஒரே கிறிஸ்துமஸ், குறுநாவல்), அடுத்து ‘சாலிடேர்’, பின்னே 5, அப்புறம் ‘நிக் அண்ட் சார்லி’ குறுநாவல். ஆறாம் பாகத்தோடு முடிகிறது என்று ஓஸ்மன் அறிவித்துவிட்டார். குழுவுக்கு 1 முதல் 4 போதும்; ‘சாலிடேர்’ கேட்கிற பெரியவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள்.

ஒற்றைவரி:
அடிக்குறிப்புக்கு ஒரு சின்னச் சேர்ப்பு: 14 வயதுக்காரர் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவாரா, இல்லை அங்கேயே படித்துவிட்டு வைப்பாரா என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். அட்டையில் இரண்டு பையன்கள். அவர் சொல்லாததை அட்டை போட்டுக்கொடுத்துவிடக் கூடாது. பழுப்புத் தாள் அட்டை நாலு வாங்கி வையுங்கள், பள்ளி நோட்டுக்குப் போடுகிற மாதிரி எல்லாப் பிரதிக்கும் போட்டுவிட்டால் யார் கேட்டார் என்ற பேச்சே இருக்காது.