நேத்து மிச்சமான கோழியில பருப்பு போட்டு குழம்பு வச்சவங்க இருக்கீங்களா?

திங்கட்கிழமை மருமக

ரெசிப்பி கேக்க வரலைங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மைசூர் பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, கடைசில கோழிய பிச்சுப் போட்டு இறக்கறது. எனக்கு வேற ஒரு விஷயம், ரெண்டு வாரமா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுக்காரர் கிரில் சிக்கன் ஃபுல்லு ஒண்ணு வாங்கிட்டு வந்தார், பசங்க தோலையும் காலையும் தின்னுட்டு நெஞ்சுக்கறிய அப்படியே விட்டுட்டாங்க, எப்பவும் நடக்கறதுதான், காஞ்சு நார் நாரா கெடக்கும் யாரு திம்பா. டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். திங்கக்கிழமை வீட்ல காய் ஒண்ணும் இல்ல (எங்க வீட்ல செவ்வாய் வெள்ளிதான் கவுச்சி ஆகாது, திங்கள் பரவால்ல), சரின்னு பருப்ப வேக வச்சு இதையும் போட்டு குழம்பாக்கிட்டேன்.

எங்க மாமா சாப்பிடும்போது வாயே தெறக்க மாட்டார். உப்பில்லைன்னாலும் சொல்ல மாட்டார். அன்னிக்கு மொத தடவ ஊத்தினேன், சாப்ட்டார். ரெண்டாவது தடவ வட்டல லேசா முன்னாடி நகத்தினார். மூணாவது தடவ கரண்டிய எடுத்து அவரே ஊத்திக்கிட்டார். கல்யாணமாகி 9 வருஷத்துல இத இப்பத்தான் பாக்கறேன். நானும் அத்தையும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். பையன் சும்மா இருக்க மாட்டாம "தாத்தா இது நேத்து கிரில் சிக்கன்"னுட்டான்.

மாமா கை அப்படியே நின்னுபோச்சு. "நேத்து கோழியா?"ன்னார். ஆமாங்க மாமான்னேன். ஒரு வார்த்தை சொல்லல. பெசஞ்ச சோத்த ஒரு ஓரமா ஒதுக்கி, வட்டல்லயே கைய கழுவிட்டு எந்திரிச்சு போய்ட்டார். பழசு அவருக்கு ஆகாது, அவங்கம்மா காலத்துல இருந்தே அந்த வீட்ல அப்படித்தான்னு அத்தை அப்பறமா சொல்றாங்க. அந்தத் தண்ணில ஒரு சின்ன வெங்காயம் முழுசா மெதந்துட்டு இருந்துச்சு, அத எடுத்துக் கொட்றப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அவ்வளவு ருசியா சாப்ட்ட மனுஷன்ட்ட இல்லைங்க மாமா இன்னிக்கு வாங்குனதுன்னு சொல்லியிருக்கலாமோ?

ஷார்ஜா ரூம் 6

சிஸ்டர் பொய் சொல்லாதது நல்லதுதான், ஆனா நான் எழுத வந்தது வேற. நாங்க 6 பேர் ஒரே ரூம். வியாழக்கிழமை அல்ஃபஹம் (அரபி ஸ்டைல் கரில சுட்ட கோழி) வாங்கினா வெள்ளிக்கிழமை அதோட மிச்சத்துல பருப்பு, இதான் ரொட்டீன். அந்த வாரம் என் டர்ன். குக்கர் கேஸ்கட் போயிருந்துச்சு, சரின்னு துவரம்பருப்ப ஓப்பன் பாத்திரத்துலயே வச்சு, லேட்டாகுதேன்னு புளி தக்காளி கோழி எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிட்டேன். 12 மணி ஆச்சு. பருப்பு கூழாங்கல்லு மாதிரி கெடக்கு, கோழி ரப்பரா ஆயிருச்சு, எல்லாவனும் பசில கெட்ட வார்த்தை பேசிட்டு குபூஸ (அரபி ரொட்டி) தயிர்ல முக்கித் தின்னுட்டு படுத்துட்டானுங்க.

ஹைதராபாத் பாய் ஒருத்தர் ரூம்ல இருந்தார், வயசு அம்பதுக்கு மேல. மேல் பெட்டுல இருந்து எறங்கி வந்தாரு. ஒண்ணுமே பேசல. ஒவ்வொரு கோழித் துண்டா கரண்டியால பொறுக்கி தட்டுல வச்சாரு. தண்ணி ஊத்தினாரு, டீக்கு வச்சிருந்த எவர்சில்வர் டம்ளர எடுத்து அதோட அடிப்பக்கத்தால பருப்ப பாத்திரத்தோட சுவத்துல வச்சு நசுக்கிட்டே நின்னாரு, முக்கா மணி நேரம் இருக்கும். டம்ளர் பாத்திரத்துல படுற அந்த டொக் டொக் சத்தம். கடைசில "புளிய பருப்பு வெந்தப்பறம் போடணும் பேட்டா, முன்னாடி போட்டா அது வேகவே வேகாது"ன்னு மட்டும் ஹிந்தில சொன்னாரு. தாளிச்சு கோழிய திரும்ப போட்டு "இப்ப இது தால்ச்சா"ன்னு சொல்லி என்கிட்ட நீட்டினாரு. நான் சாப்ட்டு தட்ட அப்படியே போட்டுட்டு தூங்கிட்டேன். காலைல பாத்தா கழுவி கவுத்து வச்சிருக்காரு. அந்த வாரக் கடைசியிலயே அவரு ஊருக்குப் போய்ட்டாரு, திரும்பி வரல.

கடலோரத்துக்காரி

பாய் சொன்னா சொல்லிட்டுப் போறாரு, நீங்க அத தால்சான்னு நம்பிராதீங்க. தால்சான்னா ஆட்டு எலும்பு வேணும், கொழுப்பு வேணும், கத்திரிக்கா மாங்கா வேணும், நெய்ச்சோத்துக்கோ பிரியாணிக்கோ பக்கத்துல வரணும். கிரில் கோழிய பருப்புல போட்டா அது கிரில் கோழி போட்ட பருப்பு. அவ்வளவுதான்.

ஆனா நானும் யோக்கியம் இல்ல. என் தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநா, மாப்ள மொத மொத வீட்டுக்கு சாப்பிட வர்றாரு, கறிக்காரன் ஏமாத்திட்டான், எலும்பே வரல. உம்மா என்ன பண்ணுச்சு, முந்தின நாள் சட்டில ஒட்டியிருந்த கோழி பிரியாணித் துண்டெல்லாம் எடுத்து, மேல இருந்த சோத்த தொடச்சுட்டு தால்சாவுல போட்டுருச்சு. வாசம்னா வாசம். மாப்ள ரெண்டு வாய் சாப்ட்டுட்டு விரல் நுனில என்னத்தையோ எடுத்து வெளிச்சத்துல காட்டி பாக்குறாரு. சோறு. ஒத்த சோறு. தால்சாக்குள்ள எப்படி சோறு வரும்? நாங்க கதவுக்குப் பின்னாடி செத்துட்டோம். உம்மா கொஞ்சங்கூட அசராம "அது சீரகம் மாப்ள, ஊறிப்போச்சு"ங்குது. சீரகச்சம்பாங்கிறதால பொழச்சோம். அவரு சிரிக்காம வாயில போட்டுக்கிட்டாரு. வருஷம் 11 ஆச்சு, இன்னமும் எங்க வீட்ல எத சாப்ட்டாலும் "மாமி, சீரகம் நல்லா இருக்கு"ம்பாரு. அவரு தெரிஞ்சு சொல்றாரா தெரியாம சொல்றாரான்னு உம்மாவுக்கு அதே கவல.

குவாலிட்டி கண்ட்ரோல்

படிக்கவே பயமா இருக்கு. முதல் பதிவு போட்ட சகோதரி, ராத்திரி எத்தன மணிக்கு வாங்கினீங்க, எத்தன மணிக்கு ஃப்ரிட்ஜ்ல வச்சீங்கன்னு எழுதவே இல்ல பாருங்க. உங்க மாமா பண்ணதுதான் சரி. காலேஜ் படிக்கறப்ப எங்க ரூம்ல ஒருத்தன் ராத்திரி முழுக்க டேபிள் மேல கெடந்த கோழிய காலைல பருப்புல போட்டு நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுத்தான், மூணு பேருக்கு டிரிப்ஸ் ஏறுச்சு, அந்த பாத்ரூம் கதவ நாங்க தட்டின தட்டு இன்னும் காதுல கேக்குது. என் கதை அவ்வளவுதான்.

எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க. சமைச்ச கோழி 2 மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக் கூடாது, நம்மூரு வெயில்ல அதுகூட ஜாஸ்தி. 5 டிகிரில இருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி வளர்ற சூடு. ஃப்ரிட்ஜ்ல வச்சா 3 நாள், மிஞ்சிப் போனா 4. திரும்ப சூடு பண்றப்ப துண்டோட நடுவுல 74 டிகிரி வரணும், அதாவது குழம்பு நல்லா தளதளன்னு கொதிக்கணும், லேசா ஆவி வந்தா போதாது. அப்பறம் "கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும்"னு ஒரு கூட்டம் சொல்லும், எங்க ரூம்காரன் சொன்ன மாதிரியே. கிருமி சாகும், ஆனா ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி சிலது முன்னாடியே விட்டுட்டுப் போற நஞ்சு கொதிச்சாலும் போகாது. டப்பாவுல குமிச்சு வைக்காம பரப்பி வைங்க, சீக்கிரம் ஆறும். ஒரு தடவ சூடு பண்ணினத திரும்ப ஃப்ரிட்ஜ்ல வச்சு திரும்ப சூடு பண்ற வேல வேணாம். முக்கியமா கிரில் சிக்கனோட வர்ற மயோனைஸ் பட்ட துண்ட தனியா எடுத்து கொட்டிருங்க. பச்ச முட்டைல செய்யற மயோனைசுக்கு 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல ஒரு வருஷம் தடையே போட்டாங்க, சும்மாவா போட்டாங்க. அந்த சீரகம் சொன்ன சகோதரி வீட்ல கல்யாணச் சட்டி ராத்திரி பூரா எங்க இருந்துச்சுன்னு கேக்கவே எனக்கு தைரியம் வரல.

கடலோரத்துக்காரி

அடுப்பு மேலதான் இருந்துச்சு, தணல் போட்டு. நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் சார், மாப்ளயும் நல்லா இருக்காரு.

ஸ்காபரோ தம்பி

நான் கனடாவில 14 வருசம். இஞ்ச கடையளில முழுக்கோழி வாட்டி பெட்டியில வைச்சு விப்பாங்கள், தனி ஆளுக்கு அது மூண்டு நாளுக்குக் காணும். மூண்டாம் நாள் எலும்பைத் தனியா அவிச்சு அந்தத் தண்ணியில மைசூர்ப் பருப்பைப் போடுவன், பச்சை மிளகாய், மஞ்சள், பிறகு தேங்காய்ப்பால் ஒரு ரின் (டின்), கடைசியா இறைச்சி. செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் தாளிச்சுக் கொட்டினா வேற ஒண்டும் தேவையில்லை. பாணோட, அதான் பிரெட்டோட, நல்லா இருக்கும்.

போன மாசி மாசம் சமைச்சுக் கொண்டிருக்கேக்க அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து வீடியோ கோல் எடுத்தவா. நான் போனைச் சட்டிப் பக்கம் திருப்பிக் காட்டினன், பெருமையா. அவா முதல்ல "மூடாதை, பொங்கும்" எண்டா. பிறகு கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. "இதென்னடா கோழிக்குள்ள பருப்பு?" எண்டா. மிச்சக் கோழி அம்மா, வீணாக்காமல் எண்டன். சரி சாப்பிடு எண்டு உடன வைச்சிட்டா. அடுத்த நாள் தங்கச்சி எடுத்து எனக்கு ஏச்சு, உனக்கு வேலை போயிட்டுதா, ஏன் அம்மாட்ட மறைக்கிறாய், அவா விடிய விடிய அழுதுகொண்டிருக்கிறா எண்டு.

எனக்கு விளங்கவே இல்லை. பிறகுதான் தங்கச்சி சொன்னவள். 95இல சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்ட இடப்பெயர்வில நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில இருந்தனாங்கள், எனக்கு அப்ப 4 வயசு, ஞாபகம் இல்லை. ஆரோ ஒரு கோழி குடுத்திருக்கினம், ஆக்கள் 11 பேர். அம்மா நிவாரணப் பருப்பு முழுக்கப் போட்டு அந்தக் கோழியைக் கறியாக்கி ரண்டு நாள் வைச்சுச் சாப்பிட்டதாம். அதுக்குப் பிறகு எங்கட வீட்டில கோழிக்குப் பருப்பு சேத்ததே இல்லையாம். நான் அதை கவனிச்சதும் இல்லை. இப்ப அம்மா கோல் எடுத்தா சட்டியைக் காட்டாமல் அறைக்குள்ள போய்க் கதைக்கிறன். சமைக்கிறதை விடேல்லை, நல்ல சாமான்.

குவாலிட்டி அண்ணை, விறாந்தையில ஃபிரிட்ஜ் இல்லை.

தாராவில இருந்து

இங்க பாம்பேல இதுக்குப் பேரு தன்சாக்னு நெனச்சு நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆபீஸ்ல ஒரு பார்ஸி ஆன்ட்டி ஞாயித்துக்கிழமை தன்சாக் பண்ணி திங்கக்கிழமை டப்பாவுல எடுத்துட்டு வருவாங்க, நாலஞ்சு பருப்பு, பரங்கிக்காய், கத்திரிக்காய், வெந்தயக்கீரை எல்லாம் போட்டு மசிச்சு உள்ள கறி. எனக்கு அது பிடிச்சுப் போச்சு. அவங்க பொண்ணுக்கு நிச்சயம் பண்ணாங்க. நான் பாசமா நம்ம வீட்டு மிச்சக் கோழி பருப்புக் குழம்ப ஒரு பெரிய டப்பாவுல போட்டு "ஆன்ட்டி, நிச்சயத்துக்கு தன்சாக்"னு நீட்டினேன். ஹால்ல இருந்த கெழவிங்க எல்லாம் ஒரே நேரத்துல என்னைத் திரும்பிப் பாத்துச்சுங்க. சாவு வீட்ல நாலாம் நாள் சாப்பிடறதாம் அது, நல்ல காரியத்துக்கு வைக்கவே மாட்டாங்களாம். ஆன்ட்டி மட்டும் டப்பாவ வாங்கி மூடிய தெறந்து மோந்து பாத்து, "இதுல பரங்கிக்கா இல்ல, அதனால இது தன்சாக் இல்ல, உள்ள கொண்டு போங்க"ன்னு சத்தமா சொன்னாங்க. காப்பாத்தினாங்களா கிண்டல் பண்ணாங்களான்னு இன்னிக்கும் புரியல.

திங்கட்கிழமை மருமக

ஸ்காபரோ தம்பி, உங்க பதிவ அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன், எந்திரிச்சு உள்ள போய்ட்டாங்க.

குவாலிட்டி அண்ணா, 8 மணிக்கு வாங்குனது, 9 மணிக்கு ஃப்ரிட்ஜ். மயோனைஸ பசங்க விரல விட்டே நக்கிட்டாங்க, மிச்சம் எங்க இருக்கு. மாமா பண்ணது கிருமிக்குப் பயந்தில்லைங்க, அது வேற விஷயம், அதப் போயி டிகிரில அளக்காதீங்க.

ரெண்டு பேர் தனியா அளவு கேட்டாங்க: முக்கா டம்ளர் மைசூர் பருப்புக்கு மூணு மடங்கு தண்ணி, ஊற வைக்க வேணாம், குக்கர் வேணாம், 20 நிமிஷத்துல கொழஞ்சிரும். சோம்பு பட்டை தாளிச்சு வெங்காயம் நல்லா செவக்கணும், தக்காளி, மல்லித்தூள், வெந்த பருப்பு. கொதி வந்தப்பறம்தான் கோழி, அஞ்சு நிமிஷம் நல்லா கொதிக்கட்டும், அதுக்கு மேல விட்டா நாராயிரும். உப்பு கடைசில, கிரில் கோழில ஏற்கனவே இருக்கும். நான் மொத தடவ முன்னாடியே போட்டு கடல் தண்ணி ஆயிருச்சு.

இன்னிக்கு ஞாயிறு. வீட்டுக்காரர் கடைல இருந்து போன் பண்ணி ஹாஃப் போதுமா ஃபுல்லு வாங்கவான்னு கேட்டார். ஸ்பீக்கர்ல இருந்துச்சு. திண்ணைல பேப்பர் படிச்சுட்டு இருந்த மாமா தலைய தூக்காமலே "ஃபுல்லே வாங்கச் சொல்லு"ன்னார். எதுக்கு சொன்னார்னு நான் கேக்கல.

புதுசா சமைக்கறவன்

அக்கா மைசூர் பருப்பு இல்ல, பாசிப்பருப்புதான் இருக்கு, போடலாமா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க, அடுப்புல வெங்காயம் இருக்கு.