மாடியில் இரவு மணக்கும் செடிகள் வைத்தும் சுரையும் புடலும் பிஞ்சிலேயே வெம்புகின்றன: வழி சொல்லுங்கள்

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். பாகல், பரங்கி, வெள்ளரி ஆகிய மூன்றும் குறைவின்றிக் காய்க்கின்றன. ஆனால் அதே பந்தலில், அதே மண்கலவையில், அதே தண்ணீரில் வளரும் சுரையிலும் புடலிலும் பெண் பூ மலர்ந்த சில நாள்களிலேயே பிஞ்சு மஞ்சளாகி, பூ இருந்த முனையிலிருந்து வாடி உதிர்ந்துவிடுகிறது. ஆண் பூக்கள் நிறையவே இருக்கின்றன.

இவ்விரண்டும் பொழுது சாய்ந்த பிறகு மலர்பவை என்பதால், மகரந்தம் சுமக்கும் அந்துப்பூச்சிகளை வரவழைக்கும் எண்ணத்தில் பந்தலைச் சுற்றி நிலசம்பங்கி, இரவு ராணி, அந்திமந்தாரை ஆகியவற்றைத் தொட்டிகளில் வைத்தேன். கீழே சுற்றுச்சுவர் ஓரத்தில் பழைய பவழமல்லி ஒன்றும் நந்தியாவட்டை ஒன்றும் உள்ளன. சம்பங்கி பூக்கும் நாள்களில் மாடி முழுவதும் மணக்கிறது. இரவு ராணியோ ஆள் உயரம் வளர்ந்தும் ஒரு கொத்துகூட வைக்கவில்லை. முன்னிரவில் காத்திருந்து பார்த்தாலும், பூச்சிகள் விளக்கடியில் சுற்றுகின்றனவே தவிரப் பூவுக்கு வருவதில்லை.

தேவைப்படலாம் என்பதால் மற்ற விவரங்களையும் எழுதுகிறேன். மாடிப்படியின் தலைப்பில் பாதுகாப்புக்காக வெள்ளை எல்இடி விளக்கு ஒன்று விடியும்வரை எரிகிறது. உரமாக மண்புழு உரமும், வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசலும் கொடுக்கிறேன். நந்தியாவட்டையில் வாலில் கொம்புள்ள பெரிய பச்சைப் புழுக்கள் வரும்போதெல்லாம் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கிறோம். மணமுள்ள செடிகளை இன்னும் கூட்ட வேண்டுமா, அல்லது குறை வேறிடத்தில் உள்ளதா?

மறுமொழி (நெல்லிக்குப்பம்)

அம்மா, மகரந்தச் சேர்க்கையைப் பற்றி முடிவு செய்வதற்கு முன் உதிர்ந்த பிஞ்சு ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். பழ ஈ முட்டையிட்டிருந்தால் தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதிலிருந்து கசிந்து உறைந்த பிசினும் இருக்கும். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும். அப்படி இருந்தால் எத்தனை செடி வைத்தும் பயனில்லை, பொறி வைத்து ஈயைத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. சுரையிலும் புடலிலும் சில பிஞ்சுகளை வெட்டிப் பார்த்தேன். புழுவோ குத்திய அடையாளமோ இல்லை. உள்ளே விதைகள் சிறிதும் திரளாமல் வெறும் தடமாகவே இருக்கின்றன.

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

விதை திரளவில்லை என்று நீங்கள் எழுதியதே போதுமான சான்று. பெண் பூவின் அடியிலுள்ள பிஞ்சு போன்ற பகுதி சூலகமே. மகரந்தம் சேர்ந்து விதைகள் உருவாகத் தொடங்கினால்தான் செடி அதற்குத் தொடர்ந்து உணவு அனுப்பும், இல்லையேல் கைவிட்டுவிடும். உங்கள் பந்தலில் எவை காய்க்கின்றன, எவை காய்க்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள். பாகலும் பரங்கியும் வெள்ளரியும் காலையில் மலர்ந்து தேனீக்களால் காய்ப்பவை. சுரையின் வெள்ளைப் பூவும், இதழோரம் நூல் நூலாகப் பிரிந்த புடலம்பூவும் மாலையிலும் முன்னிரவிலும் மலர்பவை. ஆகவே உங்கள் மாடிக்குப் பகல் விருந்தினர் தவறாமல் வருகிறார்கள், இரவு விருந்தினர்தாம் வருவதில்லை. உரத்திலோ தண்ணீரிலோ பெருங்குறை இருந்திருந்தால் பாகலும் பரங்கியும் சேர்ந்தே சுணங்கியிருக்கும்.

இரவு விருந்தினரில் முதன்மையானவை பருந்து அந்துப்பூச்சிகள். பூவின் மேல் அமராமல், அதன் முன் அந்தரத்தில் சிறகடித்து நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடித்துவிட்டு நொடியில் அடுத்த பூவுக்குப் போய்விடும். நம் பக்கத்தில் பரவலாக உள்ள ஓர் இனத்துக்கு அக்குழல் அதன் உடலைவிட நீளமானது. சர்க்கரைவள்ளிக் கொடியின் இலையைத் தின்று வளரும் கொம்புப் புழுதான் அதன் இளம்பருவம். சம்பங்கி, பவழமல்லி, மரமல்லி, அந்திமந்தாரை ஆகிய இரவுப் பூக்கள் பலவும் குழல் வடிவில் இருப்பதும், அவற்றுள் பெரும்பாலானவை வெண்மையாக இருப்பதும், இருட்டியதும் மணம் கூடுவதும் இத்தகைய பூச்சிகளுக்குப் பொருத்தமானவை. எனவே செடிகளை நீங்கள் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால் மணம் என்பது அழைப்பு மட்டுமே. வருவதற்குப் பூச்சி அக்கம்பக்கத்தில் வளர்ந்திருக்க வேண்டும். வந்தது பூவைத் தேடிப் போக இருட்டும் வேண்டும். இவ்விரண்டும் உங்கள் வீட்டில் தடைபடுகின்றன என்றே நினைக்கிறேன்.

முதலில் விளக்கு. வெள்ளை எல்இடி ஒளியில் நீலப் பகுதி மிகுதி; அந்துப்பூச்சிகளை மிகவும் தடுமாறச் செய்வது அதுவே. விளக்கைச் சுற்றத் தொடங்கிய பூச்சி பூவை மறந்து களைத்து விழுகிறது, அல்லது பல்லிக்கு இரையாகிறது. 2017-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், சுவிட்சர்லாந்தின் இருண்ட புல்வெளிகளில் விளக்குகளை நிறுத்திப் பார்த்தபோது இரவுப் பூச்சிகளின் பூ வருகை 62 விழுக்காடு குறைந்தது. ஆராயப்பட்ட முட்செடி ஒன்றில், பகலில் வேறு பூச்சிகள் வந்துபோயும், காய்ப்பிடிப்பு 13 விழுக்காடு சரிந்தது. அந்த நாட்டின் புல்வெளியும் நம் மொட்டை மாடியும் ஒன்றல்ல என்றாலும், பூச்சி விளக்கில் மயங்கும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்குப் பொருத்துங்கள். முடியாவிட்டால் மஞ்சள் நிற விளக்கை, மேலே மூடியுள்ள கூட்டுக்குள், தரையை நோக்கி மாட்டுங்கள்.

அடுத்தது அந்தப் பச்சைப் புழு. தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு நீலக் கண்கள் போன்ற புள்ளிகள் இருக்குமே, அது அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் பருந்து அந்துப்பூச்சியின் புழு. வேப்பெண்ணெய் அதன் தீனியையும் தோலுரிப்பையும் தடுத்துவிடும். மாடியில் சம்பங்கி வைத்து அழைப்பதும், கீழே அதன் பிள்ளைகளுக்கு மருந்தடிப்பதும் ஒரே வீட்டில் நடக்கக் கூடாது. நந்தியாவட்டை சில இலைகளை இழந்தாலும் மறுபடி துளிர்த்துவிடும், விட்டுவிடுங்கள். வளர்ந்த புழு இறங்கி வந்து சருகடியில் கூட்டுப்புழுவாகும். வேறு இனங்கள் மண்ணுக்குள் புகும். ஆகவே சிமென்ட் போடாத தரையும் கூட்டித் தள்ளப்படாத சருகும் ஓரிடத்திலாவது வேண்டும். உங்கள் பவழமல்லி அடியை அதற்கு ஒதுக்கலாம்.

பூச்சிகள் கூடும்வரை கையால் மகரந்தம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு ஏழு மணிக்கு மேல், அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து இதழ்களை நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தப் பகுதியைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படுமாறு மெல்லத் தடவுங்கள். பலர் இதைக் காலை எட்டு, ஒன்பது மணிக்குச் செய்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். பரங்கிக்கு அது சரியான வேளை. சுரைக்கும் புடலுக்கும் அதற்குள் பூவின் நல்ல பொழுது போய்விடும்.

மறுமொழி (திருப்பாதிரிப்புலியூர்)

எனக்கு இதில் ஓர் ஐயம் உள்ளது. எங்கள் வீட்டு வாசலிலேயே தெருவிளக்கு இருக்கிறது, ஆனாலும் சுரை காய்க்கத்தான் செய்கிறது. விளக்கின் மேல் இவ்வளவு பழி போடலாமா?

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

நியாயமான கேள்வி. தெருவிளக்கு உங்கள் கொடியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒளி வீசினால் மறுபக்கம் நிழலாக இருக்கும். அருகே தோப்போ வெற்று மனையோ இருந்தால் பூச்சிகளும் மிகுதியாகவே இருக்கும். அவற்றுள் ஒரு பகுதி விளக்கிடம் போனாலும் மிஞ்சியவை கொடிக்குப் போதும். மேலும், சுரைப்பூ மறுநாள் காலைவரை திறந்திருக்கும்போது தேனீக்களும் சிறிது வேலை செய்யும். கேள்வி கேட்ட அம்மாவின் வீடு நெருக்கமான குடியிருப்பின் நடுவில் இருக்கிறது, விளக்கோ பந்தல் உள்ள மாடியிலேயே, படியின் தலைப்பில் விடியும்வரை எரிகிறது. அதனால்தான் அங்கே அதை முதலில் மாற்றச் சொல்கிறேன். ஒரு சில இரவுகள் விளக்கை அணைத்துவிட்டுக் கவனித்தால் அவரே தெரிந்துகொள்ளலாம். கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு பாருங்கள். சிவப்பு ஒளி அந்துப்பூச்சிகளுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

மறுமொழி (அரியாங்குப்பம், செடி வளர்த்து விற்பவர்)

இரவு ராணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். வாரந்தோறும் கடலைப் புண்ணாக்கு ஊற்றினால் தழைச்சத்து மிகுந்து அது இலையாகவே தள்ளும். இரண்டு மாதத்துக்குப் புண்ணாக்கை நிறுத்திவிட்டு, மர அடுப்புச் சாம்பல் கிடைத்தால் ஒரு கைப்பிடி தூவுங்கள். கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள், புதுத் தளிரின் நுனிகளில்தான் கொத்து வரும். பகலில் ஐந்து மணி நேரமாவது வெயில் படட்டும்.

அந்த விளக்குக்கு இதிலும் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. நீண்ட பகல்களைத் தொடர்ந்து குறுகிய பகல்கள் வந்தால் மொட்டுக் கட்டும் செடிகளுக்குத் தாவரவியலில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதே இரவு ராணிதான். இரவெல்லாம் அருகில் வெளிச்சம் இருந்தால் குறுகிய பகல் வந்ததாகவே அது உணராது. தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு, ஆனால் பகல் வெயில் கிடைக்கும் பக்கத்துக்கு, நகர்த்தி வையுங்கள். அதன் காயும் இலையும் நச்சு. அந்திமந்தாரையின் விதையும் கிழங்கும் அப்படியே. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் எட்டாத இடம் பாருங்கள்.

சம்பங்கி ஒற்றை இதழ் வகையா, அடுக்கு வகையா? மணம் ஒற்றையில்தான் மிகுதி, பூச்சியின் குழல் உள்ளே போகவும் அதுவே ஏற்றது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவற்றில் சிருங்காரும் பிரஜ்வலும் ஒற்றை வகை, சுவாசினி அடுக்கு வகை. கிழங்கு வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். கடற்கரைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும்; மழைநீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது தொட்டி மண்ணை அலசிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சம்பங்கி அடுக்கு வகைதான். அடுத்த முறை ஒற்றை வகைக் கிழங்கு வாங்குகிறேன். மாடிப்படிக்குச் சென்சார் விளக்குப் பொருத்தியாகிவிட்டது. இரவில் கையால் மகரந்தம் தடவிய சுரைப் பிஞ்சுகளில் பெரும்பாலானவை நிலைத்துத் திரண்டு வருகின்றன, தடவாமல் விட்டவை முன்போலவே உதிர்கின்றன. புடல் சிறிய பூ என்பதால் கை பழகவில்லை. வேப்பெண்ணெயை நந்தியாவட்டைக்கு நிறுத்திவிட்டோம். இரவு ராணியைக் கவாத்து செய்து நகர்த்தியிருக்கிறேன், தளிர் விட்டிருக்கிறது, மொட்டு இன்னும் இல்லை. ஐப்பசி மழையில் இரவுப் பூக்கள் நனைந்துவிடுமே, அப்போது கையால் தடவிப் பயன் உண்டா?

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

நனைந்த மகரந்தம் வீணாகிவிடும். மழை வரும்போல் இருந்தால், மறுநாளோ அன்றைக்கோ மலரவிருக்கும் ஆண் மொட்டுகளை மாலை நான்கு மணிக்கே காம்போடு பறித்து வீட்டுக்குள் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வையுங்கள், உள்ளேயே மலர்ந்துவிடும். பெண் பூவின் மேல் ஒரு காகிதக் கூம்பைக் கவிழ்த்துக் கட்டி, மழை விட்ட நேரத்தில் தடவிவிட்டு மீண்டும் மூடிவிடுங்கள். புடலுக்கு விரலைவிட மெல்லிய ஓவியத் தூரிகை எளிது. சர்க்கரைவள்ளிக் கொடியின் துண்டு ஒன்றைக் கீழே மண்தரையில் இப்போதே நட்டு வைத்தால், மழை முடிந்து தைப்பட்டத்துச் சுரை பூக்கும்போது அது நன்றாகப் படர்ந்திருக்கும். கொம்புப் புழு வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.