ஐஜிஎம் ஐஜிஜி ஆனபின் திரும்ப முடியாதா?

கேள்வி: பி செல் (ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும் வெள்ளணு) ஒன்று ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகையை விடுத்து ஐஜிஜி என்ற வகையின் உற்பத்திக்கு மாறினாலும், அந்த ஆன்டிபாடி பற்றும் ஆன்டிஜன் (இலக்கான அயற்பொருள்) மாறாதது ஏன் என்பதும், அச்செல் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1: ஆன்டிஜனைப் பற்றும் மாறுபடும் பகுதிக்குரிய மரபணு அப்படியே இருக்க, கனச்சங்கிலியின் (ஆன்டிபாடியின் பெரிய புரதச் சங்கிலி) மாறாப் பகுதி மட்டுமே வேறாகிறது. ஏஐடி என்னும் நொதி டிஎன்ஏவில் உள்ள சைட்டோசினை யுராசிலாக மாற்ற, அதைச் செப்பனிடும் முயற்சியில் இரு இழைகளும் அறுந்து, ஐஜிஎம்முக்குரியது உட்பட இடைப்பட்ட மரபணுக்கள் வளையமாகக் கழன்றுவிடுகின்றன. கழன்றது போனதுதான்; ஐஜிஎம்முக்குத் திரும்ப வழியில்லை.

மறுமொழி 2: எந்த ஆன்டிபாடி வகைக்கு மாறுவது என்பதில் சைட்டோகைன்களுக்குப் (செல்களிடையே செய்தி கடத்தும் புரதங்கள்) பெரும் பங்குண்டு, இன்டர்லூக்கின்-4 ஐஜிஈ பக்கமும், டிஜிஎஃப்-பீட்டா ஐஜிஏ பக்கமும் செல்லைத் திருப்புகின்றன. ஐஜிஎம்மும் ஐஜிடியும் ஒரே செல்லில் சேர்ந்திருப்பதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம் (நானும் குழம்பியவன்தான்). அது ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவதால் நிகழ்வது.

கேள்வி கேட்டவர்: வெட்டு டிஎன்ஏவிலேயே விழுகிறது என்பதைத்தான் தவறவிட்டிருந்தேன். நன்றி.