புதுப்பிப்பு: எங்கள் தெருமுனை பப் கைமாறிய பிறகு
தெற்கு லண்டனில் எங்கள் தெருமுனை பப் கைமாறப் போகிறது, வழக்கமாக அங்கே கூடுபவர்கள் என்ன ஆவார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். விற்பனை முடிந்துவிட்டது. பப்பாகவே நடக்கிறது, அந்த வரைக்கும் நிம்மதி.

ஆனால் டார்ட்ஸ் (சிறு அம்பெறியும் விளையாட்டு) பலகை இருந்த மூலையில் இப்போது சாப்பாட்டு மேசைகள். ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டும்தான். மதியம் அரை பைன்ட் பியரோடு நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் பலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களில் சிலருக்குப் பேச்சுத்துணையே அந்த இடம்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவர்கள் போனதும் காஸ்க் ஏலும், அதாவது பீப்பாயிலேயே நொதித்து முதிரும் பியரும், தடுமாறுகிறது. திறந்த பீப்பாயைச் சுமார் 3 நாளில் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் சுவை கெட்டுவிடும். குடிப்பவர்கள் குறைந்தால் தரமும் குறைகிறது, அதனால் இன்னும் சிலர் விலகுகிறார்கள்.

சரி, அடுத்தது. இங்கிலாந்தின் 2011 உள்ளாட்சிச் சட்டப்படி (Localism Act) இந்த பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியச் சொல்லி கவுன்சிலிடம் விண்ணப்பித்திருக்கிறோம். உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் சேர்ந்தாலே கேட்கலாம். பதிந்துவிட்டால், பின்னால் கட்டடம் விற்பனைக்கு வரும்போது அதை வாங்கப் பணம் திரட்ட ஊர்க்காரர்களுக்கு 6 மாத அவகாசம் கிடைக்கும். தெற்கு லண்டனின் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப்பை 2013-இல் ஊர்க்காரர்களே வாங்கியது இந்த வழியில்தான்.

புது உரிமையாளரிடமும் பேசினோம். செவ்வாய் மாலை டார்ட்ஸுக்கு இடம் தருகிறாராம். ரொக்கம் பற்றி இன்னும் பதில் இல்லை.