சாவேஜ் 340 துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். பென்சில்வேனியாவில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் சோயா வயலைக் கிரவுண்ட்ஹாக் (வளை தோண்டி வாழும் பெரிய கொறிவிலங்கு) நாசம் செய்கிறது, வந்து சுட்டுக் கொடு என்றார். அதற்காகப் பழைய சாவேஜ் 340 ஒன்றை மலிவாக வாங்கினேன். .222 ரெமிங்டன் தோட்டா. 1950-இல் வந்த மாடல், அந்தத் தோட்டாவும் அதே ஆண்டில்தான் வந்தது. அழகு பார்த்துச் செய்த துப்பாக்கி இல்லை, ஆனால் போல்ட் (தோட்டாவை ஏற்றக் கையால் இழுத்துத் தள்ளும் பகுதி) வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சிக்கல் ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில். ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதி) பின்பாலம் அமைப்பிலேயே பிளந்திருப்பதால் மேலே ஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட் பொருத்த வழியில்லை, இடப்பக்கம்தான் மாட்ட வேண்டும். பழைய பக்கவாட்டு மவுன்ட் ஒன்று கிடைத்தது. இருபது ரவுண்டு சுட்டதும் திருகு தளர்ந்துவிடுகிறது. 50 கிரெய்ன் எடையுள்ள குண்டில் முதல் ஐந்தும் 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் விழுகின்றன, அப்புறம் சிதறல்தான். அதனால் குழலில் குறையில்லை என்றே நினைக்கிறேன்.

திருகில் நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டால் போதுமா, மவுன்டையே மாற்ற வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். காயப்பட்ட விலங்கு வளைக்குள் போய்த் துடித்துச் சாவதை என்னால் தாங்க முடியாது. இது சரியாகும்வரை வயலுக்குப் போகமாட்டேன்.

இன்னொன்று, கூடுதல் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) எங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கும்?