பள்ளி இடாப்பு போதுமா? 1964 ஒக்டோபர் 30 பற்றி ஒரு வாதம்

பொகவந்தலாவைக்காரன்: பசறையார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு கொதிக்கிறது. "தோட்டப் பள்ளி இடாப்பில், அதாவது பதிவேட்டில், அம்மாவின் பேர் இருந்தால் போதும், பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைக்கும்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். இதை நம்பி எத்தனை பேர் ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் சம்பளத்தை, விட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறப் போகிறார்கள்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கேட்பது, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்ததை. தோட்டத் தமிழரில் எத்தனை பேர் இந்தியாவுக்கு, எத்தனை பேர் இலங்கைக்கு என்று இரண்டு நாடும் பிரித்துக்கொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. அந்தத் தேதிக்குச் செக்ரோல், தோட்டத்தின் வேலைநாள் பதிவுப் புத்தகம், வேண்டும். பள்ளி இடாப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது.

பசறையான்: நான் வாய்க்கு வந்ததை எழுதவில்லை. என் பெரியம்மா மகளின் விஷயம் இது. பெரியம்மா 1956இல் தோட்டத்தில் பிறந்தவர். 1962இல் பள்ளியில் சேர்ந்தார், 1967இல் விலகினார். இரண்டும் இடாப்பில் இருக்கிறது. 77 கலவரத்துக்கு அப்புறம் குடும்பம் வவுனியாவுக்குப் போனது. 1990இல் படகேறித் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாம். மகள் பிறந்தது தமிழ்நாட்டில், இப்போது இங்கே எங்களோடுதான் இருக்கிறாள். அந்த நாளில் இங்கே வசித்தவரின் வழிவந்தவர், இங்கே வசிப்பவர் என்றால் அவருக்கும் உரிமை உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. தாய் 64இல் இங்கே இருந்தார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பொகவந்தலாவைக்காரன்: 62 இருக்கிறது, 67 இருக்கிறது. 64 எங்கே? 63இல் இந்தியாவுக்குப் போய் 65இல் திரும்பியிருந்தால்? அன்றைக்கு எத்தனை குடும்பம் கலியாணம், காணி என்று ஊருக்குப் போய் வந்தது! அதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள்? செக்ரோல்தான் சாட்சி.

மஸ்கெலியா மைந்தன்: பொகவந்தலாவை அண்ணன் செக்ரோலைப் பிடித்தால் விடமாட்டார். போன வருஷம் சேமலாப நிதிப் பணம் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான், "செக்ரோல் இல்லாமல் முடியாது" என்று ஒரு வயசான அம்மாவைப் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்பினீர்கள். நான் மறக்கவில்லை.

கணக்குப் போடுங்கள். 1956இல் பிறந்த பிள்ளைக்கு 1964இல் எட்டு வயசு. எட்டு வயசுப் பிள்ளையின் பேர் எந்தச் செக்ரோலில் இருக்கும்? வேலைக்குப் பேர் போட்டவர்களுக்குத்தானே செக்ரோல்! கொழுந்து எடுத்தவருக்கும் கவ்வாத்து வெட்டினவருக்கும் நாள் குறித்த புத்தகம் அது. பிள்ளைக்கு இருந்தது பள்ளி ஒன்றுதான்.

அந்த இடாப்பை நான் கையில் எடுத்துப் பார்த்தவன். நீளமான புத்தகம், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. சேர்விலக்கம், பிள்ளையின் பேர், தகப்பன் பேர், டிவிஷன், சேர்ந்த தேதி, விலகிய தேதி. கடைசிக் கட்டம் விலகிய காரணம். இந்தியாவுக்குப் போன பிள்ளைக்கு அதில் "இந்தியா" என்று எழுதியிருக்கிறது. வேறு தோட்டத்துக்குப் போன பிள்ளைக்கு அந்தத் தோட்டத்தின் பேர் எழுதியிருக்கிறது. பெரியம்மா 63இல் போயிருந்தால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்காது. திரும்பி வந்திருந்தால் புதுச் சேர்விலக்கம் விழுந்திருக்கும். ஒரே இலக்கம், ஒரே வரி. அந்தப் பிள்ளை எங்கேயும் போகவில்லை.

பொகவந்தலாவைக்காரன்: தகப்பனின் செக்ரோல் இருக்குமே. அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா மைந்தன்: எங்கிருந்து? 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் திரும்பக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு அறை நிறையப் புத்தகம் தொலைந்து போனது. நான் பிறந்த தோட்டத்தில் பழைய புத்தகங்களை ஆபீசுக்குப் பின்னால் போட்டு எரித்தார்கள், நான் பார்த்தேன். கம்பனி தொலைத்த புத்தகத்துக்குத் தொழிலாளியின் பேத்தி ஏன் பதில் சொல்ல வேண்டும்?

கொட்டகலை அக்கா: தம்பிமார் இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். சட்டம் "நிரந்தரமாக வசித்தவர்" என்கிறது. அதற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டாமா? நடுவில் நாலு மாதம் ஊருக்குப் போய் வந்தவர் நிரந்தரமாக வசிக்காதவர் ஆகிவிடுவாரா?

அப்புறம், பெரியம்மாவுக்குத் தம்பி தங்கை இருந்தால் 64, 65இல் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழை எடுக்கலாம். தாய் தகப்பன் அப்போது எந்தத் தோட்டம் என்பது தெரியும். நம்முடைய பிறப்புச் சான்றிதழில் பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பேர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, நம் ஆட்களுடையதில் பெரும்பாலும் அதில் கோடுதான் போட்டிருக்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பாட்டனுக்குப் பதிவு எங்கே இருந்தது?

பொகவந்தலாவைக்காரன்: அக்கா, தம்பியின் சான்றிதழ் தம்பிக்கு. தாய் 64 ஒக்டோபர் 30இல் இருந்ததற்கு அது சாட்சியா?

கோத்தகிரிவாசி: நீலகிரியிலிருந்து ஒரு கேள்வி. பெரியம்மாவின் தகப்பன் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவரா? எடுத்திருந்தால் எங்களைப் போல அவரும் வந்திருக்க வேண்டியவர்தானே. நாங்கள் கப்பல் ஏறி வந்து தேயிலைக் காட்டில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். சிலர் இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

மஸ்கெலியா மைந்தன்: இரண்டு பக்கமும் கால் வைத்தார்களாம்! 83 கலவரத்துக்கு அப்புறம் கப்பலே நின்று போனது, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு லயத்திலேயே கிடந்தவர்களை இப்படியா பேசுவது? அவர்களும் விசேஷப் பிரகடனம் செய்து பிரஜையாகலாம் என்று 2003 சட்டமே வழி வைத்தது. சொந்தச் சனத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பு இருக்கட்டும்.

கோத்தகிரிவாசி: "சிலோன்காரன்" என்று இங்கே இன்றைக்கும் எங்களைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பாடு உங்களுக்குத் தெரியாது.

வடமராட்சி: இவ்வளவு பேசுகிறீர்கள், 1948இல் உங்கள் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே.

மஸ்கெலியா மைந்தன்: 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம், அந்த வாக்கையே பறித்தார்கள். 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தோம். உங்கள் யாழ்ப்பாணத்துத் தலைவர் பொன்னம்பலம் அப்போது யாருடைய அமைச்சரவையில் இருந்தார்?

வடமராட்சி: பாதி வரலாறு பேசாதீர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அவர் எதிராகத்தான் வாக்களித்தார்.

மஸ்கெலியா மைந்தன்: அடுத்த வருஷம்? இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தபோது அமைச்சராக இருந்து ஆதரித்தாரா இல்லையா? அவருடைய கட்சியிலிருந்து செல்வநாயகம் ஏன் பிரிந்து போனார்? அந்தச் சட்டம் என்ன கேட்டது என்றும் சொல்கிறேன். 1946 ஜனவரி 1க்கு முன்னால் கலியாணம் ஆனவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் விடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது ஒன்றரை லட்சம் பேருக்குக்கூட இல்லை. அன்றைக்கும் "நடுவில் எங்கே போனாய்" என்ற கேள்விதான். அதே கேள்வியை இன்றைக்கு நம்முடைய பொகவந்தலாவை அண்ணன் கேட்கிறார். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

பொகவந்தலாவைக்காரன்: நான் வெள்ளைக்காரனும் இல்லை, அமைச்சரும் இல்லை. என் மாமனாரின் விண்ணப்பத்தை ஒரு ஆபீசில் ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வயசான மனிதர் படியில் உட்கார்ந்து அழுதார். மற்றவர்களுக்கும் அது நடக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். நீங்கள் நியாயம் பேசுகிறீர்கள், கவுண்டரில் இருப்பவர் கடதாசிதான் கேட்கிறார்.

மஸ்கெலியா மைந்தன்: கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சட்டத்தில் செக்ரோல் என்ற சொல்லே இல்லை. 2003இல் பத்து நாளில் சுமார் 1,90,000 பேருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தார்களே, அத்தனை பேரும் செக்ரோலோடா வந்தார்கள்? முகாம்களுக்குப் போனவர்களுக்காக 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள். படகில் ஏறினவர்கள் செக்ரோலைத் தலையில் சுமந்துகொண்டா போனார்கள்?

பசறையான்: அடுத்த கிழமை அந்தப் பள்ளிக்கே போகிறேன். சேர்விடாப்பின் உறுதிப்படுத்திய பிரதி, அதிபரின் கடிதம், அக்கா சொன்ன மாதிரி மாமாவின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் சேர்த்துக் கொடுப்பேன்.

பொகவந்தலாவைக்காரன்: எல்லாம் கொடுங்கள். 64 ஒக்டோபர் 30க்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?

மஸ்கெலியா மைந்தன்: அது வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட நாள். பசறைத் தம்பி, வரவு இடாப்பு மிஞ்சியிருக்கிறதா என்றும் கேட்டுப் பார். இருந்தால் அண்ணனுக்குப் படம் எடுத்துப் போடு.

பொகவந்தலாவைக்காரன்: போடட்டும். தகப்பனின் செக்ரோலையும் தேடச் சொல்லுங்கள்.